மகனின் உடல் எடைக்குப் பொறுப்பு யார்? மருத்துவர் சொன்ன ஒரு சொல் என்னை உறங்கவிடவில்லை

கேள்வி: நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

வணக்கம். இக்குழுவில் நடக்கும் உரையாடல்களை இரண்டாண்டுகளாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதன்முறை. சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு அண்மையில்தான் பத்து வயது நிறைந்தது. சென்ற மாதம் அவனுடைய பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில், உயரம் 138 சென்டிமீட்டர், எடை 47 கிலோ என்று அட்டையில் எழுதி, கீழே 'உடல் பருமன், மருத்துவரைப் பார்க்கவும்' என்று சிவப்பு மையில் குறித்து அனுப்பியிருந்தார்கள். மறுவாரம் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, அவன் காதுபடவே, "இந்த வயதுப் பையன் சம்பாதித்தா வாங்கிச் சாப்பிடுகிறான்? நீங்கள் போடுகிறீர்கள், அவன் சாப்பிடுகிறான். வைத்தியம் பார்க்க வேண்டியது உங்களுக்குத்தான்" என்றார். அச்சிட்ட உணவுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, மூன்று நிமிடங்களில் அனுப்பிவிட்டார். வீடு திரும்பும் வழியில், வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த மகன், "என்னாலதானேம்மா உங்களைத் திட்டினாங்க?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சிக்னலில் நின்றிருந்தபோது அழுதுவிட்டேன்.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அவன் எட்டாம் மாதத்தின் முடிவில் 2.3 கிலோ எடையுடன் பிறந்தவன். பன்னிரண்டு நாள்கள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். "இந்தப் பிள்ளையைத் தேற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லி என் மாமியார் அவனைக் கையில் வாங்கினார், சொன்னபடியே தேற்றினார். ஆறு மாதத்தில் நான் வேலைக்குத் திரும்ப முடிந்ததும், இன்றுவரை வேலையில் நீடிப்பதும் அத்தையால்தான். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் நான் வீடு வந்து சேர இரவு ஏழு மணி ஆகும். பள்ளி வேன் நான்கேகால் மணிக்கு வரும். வந்ததும் பெரிய டம்ளர் நிறையப் பாலில் இரண்டு கரண்டி சத்துபானத் தூள், அதன்மேல் சர்க்கரை. கூடவே பேக்கரியிலிருந்து தேங்காய் பன் அல்லது பஃப்ஸ். ஐந்தரை முதல் ஏழரை வரை டியூஷன். இரவு உணவு தொலைக்காட்சியின் முன்னால். நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே கார்கள் நிற்கும் இடத்தில் பந்து விளையாடக் கூடாது என்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். கணவர் பட்டறையிலிருந்து ஒன்பது மணிக்கு வருவார். சனிக்கிழமைதோறும் ஓட்டலிலிருந்து பார்சல் வாங்கி வருவார்.

நான் ஏதேனும் குறைக்க முயன்றால் அத்தைக்கு மனம் பொறுப்பதில்லை. "உயரம் போட்டால் தானாகச் சரியாகிவிடும். வளர்கிற பிள்ளையின் தட்டைப் பார்க்காதே, கண் பட்டுவிடும்" என்கிறார். தைராய்டாக இருக்குமோ என்று கணவர் நினைக்கிறார். அவன் கழுத்தின் பின்புறம் வேறு ஓராண்டாகக் கறுத்துக் கிடக்கிறது. பயத்தமாவு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்த அழுக்குப் போகவில்லை. குளிப்பாட்டும்போது அவன் வலிக்கிறது என்று அழுகிறான்.

இதில் என் தவறு எவ்வளவு? நான் வேலையை விட்டுவிட வேண்டுமா? வீட்டைப் போர்க்களமாக்காமல் இதை எப்படிச் சரிசெய்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: வைகைமணல் (மதுரை)

சகோதரி, நான் சொல்லப்போவது உங்களுக்கு வருத்தம் தரலாம். ஆயினும் என் மகளின் உடம்பில் நான் கற்றுக்கொண்ட பாடம் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு எழுதுபொருள் கடை. இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது பரோட்டாவும் சால்னாவும் கட்டிக்கொண்டு வருவேன். தூங்கப்போன மகளை எழுப்பி உட்காரவைத்து ஊட்டுவேன். நாள் முழுதும் பிள்ளையைப் பார்க்காத தகப்பனுக்கு அந்தக் கால்மணி நேரந்தான் மகளோடு இருக்கும் நேரம். பூசினாற்போல் இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னபோது மகிழ்ந்தேன். அவளுக்குப் பதின்மூன்று வயதில் இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கத் தொடங்கினாள். பரிசோதித்தபோது வெறும் வயிற்றில் சர்க்கரை 168. என் அப்பாவுக்கு அறுபது வயதில் வந்த நோய், என் மகளுக்குப் பதின்மூன்றில் வந்தது. அன்றைக்கு நான் பள்ளியைக் குறை சொன்னேன், பரம்பரையைச் சொன்னேன், விளம்பரங்களைச் சொன்னேன். ஆறு மாதம் வீணாயிற்று. 'நான்தான் காரணம்' என்று ஒப்புக்கொண்ட நாளில்தான் பார்சல் நின்றது.

வெளிநாடுகளில் இதைச் சட்டமே கையில் எடுத்திருக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், 90 கிலோவுக்கு மேல் எடையிருந்த எட்டு வயதுச் சிறுவனைத் தாயிடமிருந்து பிரித்து அரசுப் பராமரிப்பில் வைத்தார்கள். 2021-இல் இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியில், பதின்பருவப் பிள்ளைகள் இருவரை இதே காரணத்துக்காகப் பெற்றோரிடமிருந்து எடுத்து வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் ஊரில் அப்படி யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அதனாலேயே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் மருத்துவர் சொன்ன முறை தவறாக இருக்கலாம். சொன்ன செய்தி தவறில்லை என்பது என் எண்ணம்.

மறுமொழி 2: உறையூர்க்காரர் (குழந்தைநல மருத்துவர், திருச்சி)

அம்மா, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு செய்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவசரமானது. மகனின் கழுத்தில் இருப்பது பெரும்பாலும் அழுக்காக இருக்காது. தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. மிகுதியாகச் சேரும் அந்த இன்சுலின், கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் தோலைத் தூண்டித் தடிக்கவும் கறுக்கவும் செய்கிறது. அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ் என்பது அதன் பெயர். என்னிடம் வரும் தாய்மார்களில் பலர் இதைப் பீர்க்கங்காய் நார் கொண்டு தேய்த்துப் புண்ணாக்கிய பிறகே வருகிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பின் அளவுகள், கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

அவனுடைய உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ; கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 24.7 வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி பத்து வயதுப் பையனுக்கு இது 21.4-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று கொள்கிறோம். எனவே பள்ளி முகாமில் எழுதியது சரிதான். தைராய்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தைராய்டு போன்ற சுரப்பிக் குறைபாடுகளால் எடை கூடும் குழந்தைகள் பொதுவாக உயரத்தில் பின்தங்குவார்கள். உங்கள் மகனின் உயரமோ அந்த வயதுக்குரிய சராசரியில் இருக்கிறது. உங்கள் கணவரின் மன நிம்மதிக்காக ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம். ஆனால் விடை அங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி, 'என் தவறு எவ்வளவு' என்ற கேள்விக்கு வருகிறேன். மதுரை நண்பர் தம் துயரத்திலிருந்து எழுதியிருக்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் அவர் குறிப்பிட்ட வழக்குகளுக்கு மறுபக்கம் உண்டு. ஒஹையோச் சிறுவன் அடுத்த ஆண்டே தாயிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டான். மேற்கு சசெக்ஸ் வழக்கில், அது அன்பான குடும்பம் என்பதை நீதிபதியே ஏற்றுக்கொண்டார். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு. மிகக் கடுமையான பருமன் கொண்ட சில குழந்தைகளுக்கு மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 16-ஆவதில் ஒரு துண்டு இல்லாதிருந்ததை அவர்கள் கண்டார்கள். பெற்றோர் வேண்டுமென்றே அளவுக்கு மீறி ஊட்டுகிறார்கள் என்று கருதி, அந்தக் குழந்தைகளில் சிலரை 'ஆபத்தில் இருக்கும் குழந்தைகள்' பட்டியலில் அரசின் சமூக நலத்துறை ஏற்கெனவே சேர்த்திருந்தது. ஆய்வுக்குப் பிறகு பெயர்கள் நீக்கப்பட்டன. இவ்வகைக் குறைபாடு மிக அரிது. உங்கள் மகனுக்கு அது இருப்பதாக நான் சொல்லவில்லை. பெற்றோரை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன்னால் மருத்துவர்கள் எவ்வளவு தயங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகனின் கதை பிறப்பிலேயே தொடங்குகிறது. புணேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர், சராசரியாக 2.7 கிலோ எடையுடன் பிறந்த அவ்வூர்க் குழந்தைகளை, 3.5 கிலோ எடையுடன் பிறந்த இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்த பிள்ளை, உள்ளே கொழுப்பைக் காத்துவைத்திருக்கிறது. அத்தகைய குழந்தையைக் குறுகிய காலத்தில் வேகமாகத் தேற்றினால், ஏறும் எடையில் கொழுப்பின் பங்கு கூடிவிடுகிறது. பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. உங்கள் மாமியாருக்கு இதை யார் சொல்லியிருக்க முடியும்? அந்தப் பன்னிரண்டு நாள்களின் பயம் அவர் மனத்திலிருந்து இன்னும் நீங்கவில்லை. அவர் இன்றைக்கும் 2.3 கிலோக் குழந்தைக்குத்தான் ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் பாருங்கள். சென்னையில் 51 பள்ளிகளில் ஏறத்தாழ 19,000 மாணவர்களை அளந்து, 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. பன்னாட்டு அளவுகோலின்படி, கூடுதல் எடையோ பருமனோ கொண்டவர்கள் தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காடு, அரசுப் பள்ளிகளில் 3.6 விழுக்காடு. பருமனுக்குப் பெற்றோரின் ஒழுக்கம் மட்டுமே காரணமென்றால், தனியார் பள்ளித் தாய்மார்கள் அரசுப் பள்ளித் தாய்மார்களைவிட ஆறு மடங்கு பொறுப்பற்றவர்கள் என்றல்லவா ஆகிவிடும்? வேன், டியூஷன், கைச்செலவுக் காசு, வாசலில் இறங்கினால் பேக்கரி, விளையாட இடமில்லாத குடியிருப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை உண்டாக்குகின்றன. பிள்ளைக்கு நல்லது என்று நாம் பணம் கொடுத்து வாங்கியவைதான் அவற்றில் பாதி.

எனவே காரணம் யார் என்பதும், பொறுப்பு யாருடையது என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஓட்டை உடைத்தது ஆடிக் காற்றாக இருக்கலாம். ஏறி ஓடு மாற்ற வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அந்தப் பொருளில் பொறுப்பு உங்களுடையது, உங்கள் கணவருடையது, உங்கள் மாமியாருடையது. பத்து வயதுக் குழந்தையுடையது ஆகாது. மருத்துவர் கொடுத்த பட்டியலை அவன் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டிவிடாதீர்கள்.

நடைமுறையில் நான் குடும்பங்களுக்குச் சொல்வது இதுதான்: என்ன சமைப்பது, எந்த நேரத்தில் தருவது, எங்கே உட்கார்ந்து உண்பது ஆகிய மூன்றும் பெரியவர்களின் முடிவு, அவற்றுள் எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தைக்கு விட்டுவிடுங்கள். 'இன்னும் ஒரு வாய்' என்ற கெஞ்சலும் வேண்டாம், 'போதும் எழுந்திரு' என்ற அதட்டலும் வேண்டாம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒருவராவது அவனோடு உட்கார்ந்து உண்ணுங்கள். அவனுக்கு மட்டும் தனிச் சமையல் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல், பொரியலின் அளவு மட்டும் கூட இருக்கட்டும். பாலில் சத்துபானத் தூளையும் சர்க்கரையையும் சேர்த்தே நிறுத்துங்கள். 'ஆரோக்கிய பானம்' என்ற வகைக்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே இல்லை என்பதால், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பின்கீழ் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய அரசே அறிவுறுத்தியது. அந்தச் சொல்லை நம்பி வாங்கிய பாட்டிமார்களை நான் குறைசொல்ல மாட்டேன். இரவில் ஒன்பது மணி நேரமாவது அவன் உறங்க வேண்டும். உறக்கம் குறைந்த குழந்தைக்குப் பசி கூடும்.

எடையைக் குறைக்கும் இலக்கும் இப்போது வேண்டாம். 47 கிலோவில் நிறுத்திவைத்தாலே போதும். ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வான். 150 சென்டிமீட்டரை எட்டும்போது அதே 47 கிலோவுக்குக் குறியீட்டெண் 20.9 ஆகிவிடும். உயரம் போட்டால் சரியாகிவிடும் என்று உங்கள் மாமியார் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. எடை நின்றால் மட்டுமே அது பலிக்கும். இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள். இன்னும் நல்லது, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல் எடுபடுகிற வீட்டில், அவரை விட்டுவிட்டுச் செய்யும் எந்த வைத்தியமும் நாலரை மணியைத் தாண்டாது. வேலையை விடும் பேச்சே வேண்டாம்.

மறுமொழி 3: முல்லைத்திணை (திருநெல்வேலி)

உங்கள் மகனின் இடத்தில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். எனக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. பத்து வயதில் ஐம்பது கிலோ இருந்தேன்.

அக்காலத்தில் நான் உண்ட எதுவும் இன்று நினைவில் இல்லை. சொற்கள் மட்டும் நினைவிருக்கின்றன. பள்ளியில் பூசணிக்காய் என்றார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். ஒரு திருமணப் பந்தியில், இரண்டாவது முறை பாயசம் வந்தபோது, என் அம்மா எல்லோருக்கும் முன்னால் என் இலையை மூடினார். யாரோ ஏதோ சொல்லிவிடுவார்களே என்ற பதற்றத்தில் செய்தார் என்பது பின்னால் புரிந்தது. ஆனால் அன்று முதல் நான் ஒளித்து உண்ணக் கற்றுக்கொண்டேன். மிக்சர் பொட்டலத்தைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் தின்றிருக்கிறேன். வீட்டில் கட்டுப்பாடு கூடக்கூட என் எடை கூடியது. கல்லூரி விடுதிக்குப் போய், யாரும் என் தட்டைப் பார்க்காத நிலை வந்த பிறகுதான் பசி என்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

உங்கள் மகன் வண்டியில் வரும்போது ஒரு கேள்வி கேட்டான். அதற்கு இன்னும் பதில் போகவில்லை. இன்றிரவே சொல்லிவிடுங்கள். "உன்னால் இல்லை. எங்களுக்குத் தெரியாமல் இருந்தது, இனி எல்லோரும் சேர்ந்து மாற்றிக்கொள்வோம்" என்று சொன்னால் போதும். கழுத்தைத் தேய்த்ததற்கும் வருத்தம் தெரிவியுங்கள். அவன் அதை மறக்க மாட்டான்.

மற்றொன்று. நீங்கள் எழுதியதில் உங்கள் நேரம், உங்கள் வேலை, உங்கள் மாமியாரின் கை எல்லாம் விரிவாக வருகின்றன. உங்கள் கணவர் மூன்று வரிகளில் வந்து போகிறார். மருத்துவமனைக்கும் அவர் வந்ததாகத் தெரியவில்லை. பெற்றோரின் பொறுப்பு என்று பேசத் தொடங்கினால் நம் ஊரில் அது எப்படியோ தாயின் பொறுப்பாகச் சுருங்கிவிடுகிறது. மதுரை அண்ணன் 'நான் வாங்கி வந்த பரோட்டா' என்று எழுதியதைப் படித்தபோது, ஒரு தகப்பன் இப்படிச் சொல்லக் கேட்டது எனக்கு அதுவே முதன்முறை. அதற்காக அவரை வணங்குகிறேன். சனிக்கிழமைப் பார்சலை நிறுத்தும் வேலையை உங்கள் கணவரிடம் விடுங்கள்.

மறுமொழி 4: விளையாட்டுத்திடல் (உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு)

பள்ளியின் பங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருப்பவன் என்ற முறையில் அதை நான் சொல்லியாக வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் எனக்கு உண்டு. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் ஒன்றைக் கேட்பார், அறிவியல் ஆசிரியர் மற்றொன்றைக் கேட்பார். மறுத்தால், பெற்றோரே வந்து "விளையாட்டு எதற்கு சார், பாடம் நடத்தட்டுமே" என்கிறார்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. என் மாணவர்களில் பலருக்கு வாரம் முழுவதற்கும் சேர்த்தே அவ்வளவுதான் கிடைக்கிறது.

எங்கள் தவறும் உண்டு. எடை கூடிய பிள்ளையை ஓட்டத்தில் கடைசியாக வரவிட்டு, எல்லோரும் சிரிக்கும்போது நாங்களும் சும்மா இருந்துவிடுகிறோம். அடுத்த வாரம் அவன் வயிற்றுவலி என்று சீட்டுக் கொண்டுவருவான். பிறகு அவனுக்கு மட்டை, பந்துகளை எடுத்துவைக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுவோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை. சிலம்பமும் மிதிவண்டியும் நீச்சலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மிக நன்றாக ஒத்துவருகின்றன. அவற்றில் யாரோடும் சேர்ந்து ஓடிக் கடைசியாக வர வேண்டியதில்லை, முழங்காலுக்கும் நோவில்லை. அம்மா, டியூஷனை வாரத்துக்கு மூன்று நாள்களாகக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்புக்கு அதுவே கூடுதல்.

2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதிகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது. சர்க்கரை எந்தப் பண்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு 2025-இல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. விதிகள் இருக்கின்றன, கேட்பதற்குத்தான் ஆளில்லை. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி நாற்பது பேர் கேட்கிறார்கள். கேன்டீனில் என்ன விற்கிறீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டால், மறுநாள் தலைமையாசிரியர் என்னை அழைத்துப் பேசுவார். பெற்றோரின் பொறுப்பில் இதுவும் அடங்கும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 5: வைகைமணல்

டாக்டர் ஐயா எழுதியதைப் படித்தேன். காரணத்தையும் பொறுப்பையும் நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்வேன்: குற்ற உணர்ச்சி இல்லாமல் என்னால் மாறியிருக்க முடியாது. சிலருக்கு அது தேவைப்படுகிறது. கோவைச் சகோதரிக்கு அது தேவையில்லை, அவரிடம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது. முதலில் எழுதியதில் கடுமை இருந்தால் மன்னியுங்கள். என் மகளுக்கு மாத்திரை தொடர்கிறது, நலமாக இருக்கிறாள், கைப்பந்து ஆடுகிறாள். கடையை இப்போது எட்டரைக்கே அடைத்துவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர்: நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சகோதரி சொன்னபடி அன்றிரவே மகனிடம் பேசினேன். கழுத்தைத் தேய்த்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அப்போ அது அழுக்கு இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டான். வகுப்பில் யாரோ அவன் பக்கத்தில் உட்கார மறுத்திருக்கிறார்கள் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இவ்வளவு நாள் அவன் அதைச் சொல்லவே இல்லை.

வேறொரு குழந்தைநல மருத்துவரைப் பார்த்தோம். இம்முறை கணவர் பட்டறையை அரைநாள் மூடிவிட்டு வந்தார், அத்தையும் வந்தார். சர்க்கரை இன்னும் நோய் எல்லையைத் தொடவில்லை, ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. கல்லீரல் நொதி சற்றுக் கூடியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முடிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "அப்படியென்றால் நான்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா?" என்று அந்த மருத்துவரிடமே கேட்டார். அவர் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, "நீங்கள் இல்லையென்றால் இந்தப் பிள்ளை இங்கே உட்கார்ந்திருக்கவே மாட்டான் அம்மா. அப்போது தேவைப்பட்டது வேறு, இப்போது தேவைப்படுவது வேறு" என்றார். அத்தை அன்று முழுதும் யாரோடும் பேசவில்லை. மறுநாள் சத்துபானப் புட்டியைக் காலிசெய்து கழுவி, அதில் பொட்டுக்கடலையைப் போட்டு வைத்திருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சென்ற சனிக்கிழமை கணவர் பழக்கத்தில் பார்சலோடு வந்துவிட்டார். அதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. டியூஷனை மூன்று நாளாகக் குறைத்திருக்கிறோம். மற்ற நாள்களில் அத்தை அவனைப் பேரூர் பக்கம் நடத்தி அழைத்துப் போகிறார். திரும்பி வரும்போது அவனுக்கு அகோரப் பசி எடுக்கிறது. சுண்டல், வேகவைத்த நிலக்கடலை, கொய்யா ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அவனுக்கும் சலித்துவிட்டது, அத்தைக்கும் சலித்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் தனியாக நின்று செய்யக்கூடிய வேறு மாலைப் பண்டங்கள் யாருக்கேனும் தெரிந்தால் எழுதுங்கள். அடுப்பருகில் அதிக நேரம் நிற்க அவருக்கு முழங்கால் இடம் கொடுப்பதில்லை.